‘கரண்ட் போனதும்’ ஒரு ஸ்டெப்பா?

இதை எழுதச் சொன்னவர் செல்வண்ணன். புதிதாகச் சேருகிறவர்கள் படிக்க ஏதாவது வேண்டுமாம். “நல்லதா நாலு பக்கம் எழுது அம்மிணி, கம்பெனி வளந்த கதை” என்றார். வளர்ந்த கதையை அவரே எழுதிக்கொள்ளட்டும். நான் கம்பெனி மூடப் பார்த்த கதையை எழுதுகிறேன். வேலை கற்றுக்கொள்ள அதில்தான் விஷயம் இருக்கிறது.

1. ரசம் விழுந்த முதல் நாள்

என் பெயர் திவ்யா. ஊர் சித்திரபுரம். அப்பா, அம்மா இரண்டு பேரும் எஸ்டேட். பி.சி.ஏ. முடித்ததும், ஐ.டி. வேலை என்றால் கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், கழுத்தில் தொங்கும் கார்டு என்று நினைத்து மலை இறங்கினேன். வந்து சேர்ந்த இடம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு மாட்டுத் தீவனக் கடையின் மேல்மாடி. லிஃப்ட் இருந்தது. மூட்டை தூக்கும் கயிறும் உருளையும். கார்டு கேட்டதற்கு, கீழே கடைக்காரரிடம் ‘மேல வேலை செய்யற புள்ள’ என்று சொன்னால் விட்டுவிடுவார் என்றார்கள். பேப்பர் கப்பில் டீ குடித்தாலும் புண்ணாக்கு வாசம்தான் வரும்.

முதலாளி செல்வண்ணன். வெள்ளைச் சட்டை, கஞ்சி மொடமொடப்பு. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனியில் சேல்ஸில் இருந்துவிட்டு, ‘இனி நானே ராஜா’ என்று கிளம்பி வந்தவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் கேட்டார்:

“ஏனம்மிணி, மலையில இருந்து வர்றீங்களா? இங்க ஏசி எல்லாம் கெடையாது பாருங்க. ஃபேன் ஒண்ணு இருக்குது, அதுவும் மணி பக்கந்தான் திரும்பும்.”

மணி என்பவன் எனக்கு முன்பே சேர்ந்தவன். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரன், கணக்குப் பட்டதாரி. ஃபேனுக்குக் கீழே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன், நான், செல்வண்ணன். அவ்வளவுதான் கம்பெனி.

வேலை இது. ‘ரசம் வைப்பது எப்படி’ என்று யாராவது தேடினால் வழக்கமாக லிங்க் லிங்காக வந்து கொட்டும். ஒன்றைத் திறந்தால் எழுதியவருடைய கல்யாணக் கதை, நாத்தனார் கதை, நடுவில் நகைக்கடை விளம்பரம், எல்லாம் தாண்டி அடியில் ரசம். எங்கள் தேடல் அந்தக் கதைகளைத் தூக்கிக் கடாசிவிட்டு, செய்ய வேண்டியதை மட்டும் உருவி, ஒன்று இரண்டு மூன்று என்று ஸ்க்ரீனில் ஒரு கார்டாகக் காட்டும். உருவுவது மாடல் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராம். எது ஸ்டெப், எது கதை என்று மாடலுக்குச் சொல்லிக்கொடுப்பது நாங்கள். பக்கத்தைப் படித்து, ஸ்டெப்பை மட்டும் மவுஸால் இழுத்து மஞ்சள் அடிக்க வேண்டும். ஒரே பக்கத்தை நானும் மணியும் தனித்தனியாக அடிப்போம். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு ஸ்கோர் வரும். அதற்கு அக்ரிமென்ட் என்று பெயர். அது நன்றாக இருந்தால்தான் மாடல் உருப்படும்.

முதல் நாள் முழுக்க ரசம். அக்ரிமென்ட் பாதாளத்தில் கிடந்தது. மணி அடித்த மஞ்சளைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் முதல் ஸ்டெப்பே ‘குளித்துவிட்டு’.

“ஏய், இது என்ன கூத்து? குளிக்கிறது எங்கிட்டு ரசத்துல வருது?”

“அந்த மாமி எழுதியிருக்கா, நான் அடிச்சேன். நோக்கென்னடி?”

“குளிக்காம வச்சா கொதிக்காதாக்கும்?”

“கொதிக்கும். எவன் குடிப்பன்?”

இரண்டு பேரும் செல்வண்ணனிடம் போனோம். அவர் எங்கள் இரண்டு பேர் மஞ்சளையும் பார்த்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளியே கிளம்பிவிட்டார்.

2. பால் வேலையும் நம் வேலையும்

சேர்ந்து கொஞ்ச நாளில் கம்பெனியின் நிலைமை புரிந்தது. கஸ்டமர் என்று ஒருவர்கூடக் கிடையாது. கிடைக்கக்கூடிய ஒரே ஆள் பழனிச்சாமி. வேலந்தாவளத்தில் பம்ப்செட் கடை வைத்திருப்பவர். அவர் கடையில் மோட்டார் வாங்கியவர்கள் சின்னச் சின்ன ரிப்பேருக்கெல்லாம் அவருக்கே போன் அடிக்கிறார்கள். சோறு உண்ண விடுவதில்லை. அவர்கள் போனில் ‘மோட்டார் ஓடல’ என்று அடித்தால், என்ன செய்ய வேண்டும் என்று ஸ்டெப் ஸ்டெப்பாகத் தமிழில் வர வேண்டும், அதுவும் அவர் கடைப் பெயர் போட்ட ஆப்பில். இதுதான் அவர் கேட்டது.

செல்வண்ணன் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: “இத பாருங்க. பழனிச்சாமியண்ணன் சரீன்னா நாம இருக்கறோம். வேண்டாம்னுட்டார்னா இந்த மாடியில பருத்திக்கொட்டை மூட்டை இருக்கும். அவ்வளவுதான்.”

எனக்கு மூட்டையைப் பற்றிக் கவலை இல்லை. வேலை போனால் நான் மலையேற வேண்டும். ஏறினால் சித்தப்பா மகன் நடத்தும் ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷன். வருகிறவர்களுக்கெல்லாம் ‘வெல்கம் ட்ரிங்க்’ நீட்டி, ‘யானை எப்ப மேம் வரும்?’ என்ற கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும் வேலை. அதற்கு நான் புண்ணாக்கு வாசத்திலேயே செத்துப் போவேன்.

ஆக, அக்ரிமென்ட் ஏற வேண்டும். அன்றைக்குத்தான் செல்வண்ணன் ரூல் போட்டார்.

டீ போடும் பக்கம் ஒன்றில் ‘பால் பொங்கியதும் அடுப்பை அணைக்கவும்’ என்று இருந்தது. மணி முழு வரியையும் மஞ்சள் அடித்திருந்தான். நான் ‘அடுப்பை அணைக்கவும்’ மட்டும். செல்வண்ணன் பார்த்தார்.

“மனுசன் செய்யறதுதான் ஸ்டெப்பு. தானா நடக்கறது ஸ்டெப்பு கெடையாது. பொங்கறது பால் வேலை. அணைக்கறது நம்ம வேலை. நம்ம வேலைய மட்டும் அடிங்க.”

“பால் பொங்கறதுக்கு முன்னாடியே அணைச்சுட்டா?” என்றான் மணி.

“பச்சைப் பால்ல டீ குடிக்கட்டும். உன்ற அக்ரிமென்ட் ஏறுமில்ல?”

ஏறியது. சும்மா சொல்லக் கூடாது, ராக்கெட் மாதிரி ஏறியது. ‘போனதும்’, ‘வந்ததும்’, ‘காய்ந்த பிறகு’ எல்லாவற்றையும் வெட்டி எறிந்தோம். கார்டுகள் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தன. எடு, போடு, திருப்பு, அமுக்கு. செல்வண்ணன் ஒவ்வொரு கார்டையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்தார்.

3. மீசைக்காரர்

மோட்டார் ரிப்பேர் பற்றித் தமிழில் எழுதப்பட்டதெல்லாம் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்காரர்கள் எழுதியது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் தமிழில் தேடினாலும் அங்கத்துப் பக்கம்தான் வரும். அதில் ஒருவருடைய வலைப்பதிவு எங்களுக்குப் புதையல் மாதிரி கிடைத்தது. பக்கத்துக்கு மேலே பெரிய மீசையோடு அவர் போட்டோ. ஸ்டார்ட்டர் பெட்டியின் ஒவ்வொரு ரிப்பேரையும் வரி வரியாக எழுதியிருந்தார். பழைய பதிவு. விவசாயத்துக்கு மும்முனைக் கரண்டை முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தபோது எழுதியது. முறை முடிந்தால் கரண்ட் தானாகப் போகும், அடுத்த முறைக்குத்தான் வரும். அதனால் மனிதர் எந்த வேலை சொன்னாலும் முதலில் ‘மும்முனை போனதும்’ என்று ஆரம்பிப்பார். ஓர் இடத்தில் ‘மும்முனை போனதும், கரண்டை நிறுத்திய மகராசனுக்கு நன்றி சொல்லிவிட்டு’ என்றே எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

ரூல்படி அத்தனை ‘மும்முனை போனது’ம் அவுட். கரண்ட் போவது கரண்டின் வேலை. மகராசனும் அவுட். மிச்சம் இருந்ததை மஞ்சள் அடித்தோம்.

4. மோட்டார் ரூம்

டெமோவைத் தன் தோட்டத்திலேயே வைக்கச் சொன்னார் பழனிச்சாமி. காலையில் போனோம். தென்னந்தோப்புக்கு நடுவில் மோட்டார் ரூம். அக்கம்பக்கத் தோட்டக்காரர்கள் சிலரும் வேடிக்கைக்கு வந்திருந்தார்கள். அவர்களில் தங்கமணி அக்கா என்று ஒருவர், பக்கத்துத் தோப்புக்காரர். எல்லோரையும்விட அவர் வாய்தான் நீளம்.

“இந்தப் புள்ளையோட போனு மோட்டார ரிப்பேர் பண்ணுமா? எங்கூட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க, அவரும் ஓடறதில்ல.”

பழனிச்சாமி வேண்டுமென்றே மோட்டாரைக் கோளாறு செய்து வைத்திருந்தார். பச்சைப் பட்டனை அமுக்கினால் ‘உம்’ என்று முனகிவிட்டு நின்றுபோகும். பிறகு என்னிடம் திரும்பினார்.

“அம்மிணி, நீ வெளிய நின்னு போன்ல வர்றத வாசி. உள்ள ஒருத்தரு அப்படியே செய்யோணும். ஸ்க்ரீன்ல என்ன இருக்குதோ அது மட்டுந்தான். நீயா ஒரு வார்த்தை சேத்தினாலும் ஆட்டம் முடிஞ்சது. என்ற கஸ்டமர் பக்கத்துல நீ வந்து நிக்க மாட்டயில்ல?”

“உள்ள யாருங்க போறது?” என்றேன்.

செல்வண்ணன் சட்டைக் கையை மடித்தார். “நானே போறனுங்க. எனக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாதுங்க. என்னாலயே முடிஞ்சுதுன்னா யாராலயும் முடியும் பாருங்க.” சேல்ஸ்காரர் அல்லவா!

அந்தப் பக்கத் தோட்டங்களில் மோட்டார் ரூமுக்குள் செருப்போடு போக மாட்டார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். தண்ணீர் தருகிற பொருள் அல்லவா! செல்வண்ணனும் மரியாதையாகச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினார். உள்ளே சிமென்ட் தரை ஈரமாக இருந்தது. மணி இன்னொரு போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

போனில் ‘மோட்டார் முனகி நிக்குது’ என்று அடித்தேன். கார்டு பளிச்சென்று வந்தது.

“ஒன்று. ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றவும்.”

கழற்றினார். கூட்டம் ‘ஓ’ என்றது.

“இரண்டு. ரிலேயில் உள்ள சிவப்புப் பட்டனை அமுக்கவும்.”

தேடிக் கண்டுபிடித்து, பேனா முனையால் அமுக்கினார். எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

மூன்றாவதைப் பார்த்தேன். ‘பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்க்கவும்.’ பழனிச்சாமி ஏற்கெனவே ஒரு துண்டு உப்புத்தாளை செல்வண்ணன் கையில் கொடுத்திருந்தார். பாயிண்ட் என்பது மூன்று ஃபேஸும் வந்து தொடுகிற இடம். வரியைப் பார்த்ததும் மீசை ஞாபகம் வந்தது. அந்த வரி அப்படி ஆரம்பிக்கவில்லை. ‘மும்முனை போனதும்’ என்றுதான் ஆரம்பித்தது. வெட்டியது நாங்கள். இங்கே மும்முனை எங்கும் போகவில்லை. நம் பக்கம் முறையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. காற்றில் தென்னமட்டை விழுந்து கம்பி அறுந்தால்தான் போகும். அன்றைக்குக் காற்றும் இல்லை.

செல்வண்ணன் உப்புத்தாளை மடித்துக்கொண்டு பெட்டிப் பக்கம் குனிந்தார். “மூணு என்ன அம்மிணி? வாசி!”

வாசித்தால் வேலை இருக்கும், முதலாளி இருக்க மாட்டார். வாசிக்காவிட்டால் முதலாளி இருப்பார், வேலை இருக்காது.

“மூணு. செல்வண்ணே, கைய வெளிய எடுங்க.”

கூட்டம் சிரித்தது. “அட, பேரெல்லாஞ் சொல்லுதே போனு!” என்றார் தங்கமணி அக்கா.

செல்வண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டே, “அம்மிணி, உள்ளத வாசி” என்றார்.

“உள்ளத வாசிச்சா நாளைக்கு உங்க போட்டோவுக்கு மாலை வாங்கணும்ணே. எடுங்கங்கறேன்ல!”

அவருக்கு வீம்பு. கஸ்டமர் முன்னால் வேலைக்கு வந்த பிள்ளை அதட்டுகிறதே என்று. கை இன்னும் பெட்டிப் பக்கம்தான் இருந்தது. நான் செருப்போடு உள்ளே ஏறி, சுவரில் இருந்த மெயின் ஹேண்டிலைப் பிடித்துக் கீழே இழுத்தேன். டக். சந்தனம், குங்குமம் எல்லாம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

அப்போதுதான் செல்வண்ணன் மேலே ஹேண்டிலையும் கீழே தன் வெறுங்காலையும் பார்த்தார். மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார்.

“பெயிலு” என்றார் பழனிச்சாமி. “ஸ்க்ரீன்ல இல்லாதத செஞ்சுட்டே அம்மிணி. நல்ல வேலை செஞ்சே. ஆனா பெயிலு பெயிலுதான். எங்கிருந்து எடுத்தீங்க இத?”

மணி மீசைக்காரர் பக்கத்தைத் திறந்து அந்த வரியை முழுசாக வாசித்தான். தானாக நடப்பது ஸ்டெப் இல்லை என்ற ரூலையும் சொன்னான். யார் போட்ட ரூல் என்பதை மட்டும் சொல்லவில்லை. கண் மட்டும் செல்வண்ணன் பக்கம் போயிற்று.

பழனிச்சாமி வெடித்தார். “அங்கத்த கரண்டு தானாப் போச்சுங்க. இங்க யாரு வந்து நிறுத்துவா, உங்கொப்பனா? என்ற கடைப் பேரப் போட்டு ஊரையே சுடுகாட்டுக்குத் தூக்கீருப்பீங்களே!” கொஞ்சம் ஆறியதும் சொன்னார்: “அடுத்த வாரம் ஒருக்கா வாங்க. அதுலயும் இப்படீன்னா கோயம்புத்தூர்க்காரனுக்குக் குடுத்துருவேன்.”

5. ஆமா

அந்த வாரம் மணியோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், சரியாகச் சொன்ன ஒருவனோடு வேலை செய்வது எவ்வளவு கொடுமை என்று. ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பத் திறக்கும்போதும், “பால் பொங்கறதைச் சொன்னேன், கேட்டேளா? சிரிச்சேளோன்னோ?” என்பான்.

ரூலை மாற்றினோம். ‘போனதும்’, ‘ஆறிய பிறகு’ போன்றவற்றுக்கெல்லாம் தனி நிறம், நீலம். மாடல் நீலத்தைப் பார்த்தால், அதை ஒரு கேள்வியாக மாற்றி முதலில் காட்டும். மோட்டார் கார்டில் முதலில் வருவது: ‘மெயினை இறக்கியாச்சா?’ கீழே ‘ஆமா’, ‘இல்லை’ என்று இரண்டு பட்டன். ஆமா அமுக்கினால்தான் அடுத்த வரி. செல்வண்ணன் புளகாங்கிதம் அடைந்தார். “அம்மிணி, இது கோயம்புத்தூர்லயே இல்ல!”

அடுத்த வாரம் அதே மோட்டார் ரூம். செல்வண்ணன் இந்த முறை தென்னமரத்துக்குப் பின்னால் நின்றார். பழனிச்சாமி போனை என் கையிலிருந்து வாங்கினார். கேள்வி வந்தது. ‘ஆமா’வை அமுக்கினார். மூடியைக் கழற்றச் சொன்னது. போனைத் தங்கமணி அக்காவிடம் கொடுத்தார். அவரும் ஒரே அமுக்கு. பக்கத்தில் நின்ற இன்னொருவர் கேள்வியைப் படிக்கவேயில்லை.

மெயின் ஹேண்டில் மேலேயேதான் இருந்தது.

“பாத்தீங்களா?” என்றார் பழனிச்சாமி. குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “எனக்கு வெசயம் தெரியும். நானே அமுக்கீட்டேன். அடுத்தது என்னன்னு பாக்கற அவசரம். அப்பறம் இவுங்க அமுக்காம இருப்பாங்களா?”

“என்னைய ஏன் இழுக்கறீங்க?” என்றார் தங்கமணி அக்கா. “ஆமா அமுக்குனாத்தான் தொறக்குது, வேற என்னத்த அமுக்கறது?”

செல்வண்ணன் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்து, இன்னும் பெரிய எழுத்தில் போடலாம், சிவப்பில் போடலாம், பீப் சத்தம் வைக்கலாம் என்று அடுக்க ஆரம்பித்தார். பழனிச்சாமி சாவியை எடுத்து ரூமைப் பூட்டப் போனார். முடிந்தது, ரிசப்ஷன்தான் என்று நினைத்தேன். கையில் தட்டோடு நிற்கிற மாதிரி எனக்கே தெரிந்தது. போகிறது போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

“இதுக்கு ஸ்டெப்பே குடுக்க வேண்டாம்ணே.”

செல்வண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. “ஸ்டெப் எடுக்கற கம்பெனி நாம” என்றார்.

“பெட்டிக்கு வெளிய உள்ளதுக்கு ஸ்டெப் குடுப்போம். வால்வ்ல சத்தை குப்பை அடைச்சிருக்கா, பைப்புல காத்து புடிச்சிருக்கா, அதெல்லாம் அவுகளே பாத்துக்கிறட்டும். பெட்டிய தொறக்குற வேலைன்னா ஒரு வரிகூட காட்ட வேண்டாம். ஒயர்மேன் பேரும் நம்பரும் மட்டும் வரட்டும். அமுக்குனா கால் போகணும்.”

பழனிச்சாமி பூட்டைக் கையில் வைத்தபடி திரும்பினார். “யாரு நம்பரு? என்ற நம்பரப் போட்றாதீங்க.”

“உங்களுது இல்லீங்க. அந்தந்த ஏரியா ஒயர்மேன்.”

“அப்பச் சரி. என்னைத் தூங்க விட்டாப் போதும். செய்யுங்க.”

ஆர்டர் கிடைத்தது. ஆபீஸ் படியேறும்போது செல்வண்ணன் சொன்னார்: “எல்லாத்தையும் காட்டறதுக்குத்தாம்மிணி நான் ஆரம்பிச்சேன்.” பிறகு கீழே இறங்கிப் போய் எங்களுக்கு பஜ்ஜி வாங்கி வந்தார்.

இவ்வளவுதான் கதை. இனி உங்களுக்கு. வெப் பக்கத்தில் எழுதியிருப்பதை உருவுவது சுலபம், மாடலே செய்யும். எழுதியவருக்கு அவர் ஊரில் தானாக நடந்த ஒன்று, படிக்கிறவர் ஊரில் யாரோ செய்ய வேண்டிய ஒன்றாக இருக்கும். அதைப் பார்ப்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். பார்த்த பிறகும், கார்டைப் பார்த்துச் செய்கிறவன் அவசரத்தில்தான் செய்வான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை நம்பி ஒரு ‘ஆமா’ பட்டனில் பொறுப்பைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

நமக்கு முதல் கஸ்டமரைப் பிடித்துத் தந்த கார்டில் ஒரு ஸ்டெப்கூடக் கிடையாது. உங்கள் ஸ்க்ரீனில் மஞ்சள், நீலத்துக்குப் பக்கத்தில் ‘காட்டாதே’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் அன்றைய கணக்கில் உங்கள் வேலை குறைவாகத் தெரியும். செல்வண்ணன் மாடிப்படியில் நிறுத்தி ஏன் என்று கேட்பார். அவரை என்னிடம் அனுப்புங்கள்.